ஆழ்துளைக் கிணற்று (போர்) நீரில் தீயணைப்பு நுரை: ஆர்.ஓ. நிலையத்துக்குப் பணம் திரட்டும் முன்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடசென்னை எர்ணாவூரில் ஆர்.ஓ. குடிநீர் நிலையம் அமைக்க நாம் அனைவரும் நன்கொடை தர வேண்டும் என்று தலைவர் அண்ணன் கேட்டிருந்தார். நிலத்தடி நீரைத் தூய்மைப்படுத்துவதே என் பிழைப்பு என்பதால், பணம் அனுப்புவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிட விரும்புகிறேன். தீயணைப்பு நுரையிலிருந்து நம் போர்களில் கலந்திருக்கக்கூடிய நஞ்சை நீரிலிருந்து பிரித்தெடுத்து எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறோம்?

நாற்பதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். எண்ணெய்க் கிடங்கு ஒன்றின் மதிலுக்குள் தீயணைப்பு ஒத்திகை நடக்கும் நாட்களில் வெள்ளை நுரை காற்றில் மிதந்து தெருவுக்கு வரும். இலவம்பஞ்சு போன்ற அதை அள்ளி ஒருவர் தலையில் ஒருவர் வைத்து விளையாடினோம். மிச்ச நுரை மாலைக்குள் கரைந்து மதிலோர மணலில் இறங்கிவிடும். அது எந்த வகை நுரை என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணெய்த் தீயை அணைக்க 1960களில் அமெரிக்கக் கடற்படையும் த்ரீ எம் நிறுவனமும் உருவாக்கிய நீர்ப்படல நுரைதான் பிறகு பல நாடுகளின் கிடங்குகளுக்கும் விமான நிலையங்களுக்கும் பரவியது. அதில் உள்ள பி.எஃப்.ஏ.எஸ். என்னும் செயற்கை நச்சுச் சேர்மங்களின் கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பை மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் உடைக்க முடிவதில்லை. அவற்றுள் பி.எஃப்.ஓ.எஸ். 2009இலும், பி.எஃப்.ஓ.ஏ. 2019இலும் எளிதில் சிதையாத நச்சுப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சுவீடனின் ரோன்னபியிலும் ஆஸ்திரேலியாவின் வில்லியம்டவுனிலும் விமானப்படைத் தளங்களில் கொட்டிய நுரை, அக்கம்பக்கத்தாரின் குடிநீரிலும் கிணறுகளிலும் கலந்துவிட்டது.

ஆர்.ஓ. விற்க வருபவர் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் நனைத்து, ‘1,800 காட்டுகிறது பாருங்கள்’ என்பார். உப்பைக் காட்டுவதில் அந்தக் கருவி பொய் சொல்லாது. இந்த நஞ்சைப் பொறுத்தவரை அது குருடு. அமெரிக்கா 2024இல் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஆகிய ஒவ்வொன்றுக்கும் விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம் (ஒரு மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்). மீட்டரில் ஓர் எண், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், ஏறுவதற்கே அதைப் போல இரண்டரை லட்சம் மடங்கு வேண்டும். நம் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இன் 2012 பதிப்பில் இதற்கு வரம்பே குறிக்கப்படவில்லை என்பதால், ‘எல்லாம் தரத்துக்கு உட்பட்டது’ என்று வரும் வழக்கமான ஆய்வுச் சீட்டும் நமக்கு உதவாது. காய்ச்சிக் குடித்தால் போகும் என்று அம்மாக்கள் சொல்வதும் இங்கே செல்லாது; நீர் ஆவியாகும், நஞ்சு பாத்திரத்திலேயே தங்கும்.

ஆர்.ஓ. சவ்வு இந்தச் சேர்மங்களை நன்றாகவே தடுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உப்பு மிகுந்த நம் தண்ணீரில் பாதியோ அதற்கு மேலோ கழிவாகப் போகும். பாதி என்று வைத்துக்கொண்டால், கழிவில் நஞ்சின் அடர்த்தி ஏறக்குறைய இரு மடங்காகும். அந்தக் குழாயைத் தெருக் கால்வாயில் விட்டால் அது மணலில் இறங்கி மீண்டும் அதே நீர்மட்டத்தைச் சேரும். நம் போரிலிருந்து எடுத்ததை இன்னும் கெட்டியாக்கிப் பக்கத்து வீட்டுப் போருக்கு அனுப்புகிற வேலை அது.

நான் வேலை செய்யும் இடங்களில் முதலில் நாடுவது, நஞ்சைத் தன் நுண்துளைகளில் பிடித்துக்கொள்ளும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனை. இரண்டு தொட்டிகளை அடுத்தடுத்து வைத்து, முதல் தொட்டியைக் கடந்த நீரை நடுவில் உள்ள குழாயில் பிடித்துச் சோதித்துக்கொண்டே இருப்போம். அங்கே நஞ்சு தலைகாட்டியதும் முதல் தொட்டியின் கரியை மாற்றி, அந்தத் தொட்டியை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோவோம். நடுக்குழாய் இல்லாத நிலையத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம் என்பேன். கொட்டாங்கச்சிக் கரி நம் மாநிலத்திலேயே கிடைக்கும் என்று பெருமைப்படலாம்தான், ஆனால் இந்த வேலைக்குப் பல சோதனைகளில் நிலக்கரியில் செய்த கரியே நீடித்து உழைத்திருக்கிறது. பி.எஃப்.ஏ.எஸ். வகையில் கார்பன் அணுக்கள் குறைவாக உள்ள குட்டைச் சங்கிலிச் சேர்மங்கள் எந்தக் கரியையும் சீக்கிரம் கடந்துவிடும். அவற்றுக்கு, மின்னூட்டம் கொண்ட சேர்மங்களைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்ற ரெசின் மேல் என்றாலும், குளோரைடும் சல்ஃபேட்டும் நிறைந்த நம் நீரில் அவையே ரெசினின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2013இல் தண்டையார்பேட்டைப் போர்களில் எண்ணெய் வந்ததை நாம் மறக்கவில்லை; அத்தகைய நீரில் கரியின் நுண்துளைகளை எண்ணெயே அடைத்துவிடும். ஆகவே வெளிநாட்டில் இத்தனை மாதம் ஓடியது என்ற கணக்கை வைத்து இங்கே செலவு போட முடியாது.

தீர்ந்த கரியை மிக உயர்ந்த வெப்பத்தில் எரிக்கும் உலைக்கு அனுப்ப வேண்டும். வெறுமனே புதைத்தால் ஐப்பசி மழையில் கசிவுநீரோடு அது வெளியே வரும்.

நிலத்தடி நீர் முழுவதையும் இறைத்துத் தூய்மைப்படுத்திவிடலாமே என்று சிலர் கேட்கலாம். நுரை ஊறிய மண்ணிலிருந்து ஒவ்வொரு பருவமழையும் சிறிது சிறிதாக நஞ்சைக் கீழே இறக்குவதால், நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் வேலை பல பத்தாண்டுகள் இழுக்கும். கடலுக்கு இவ்வளவு அருகில் அதிகமாக இறைத்தால் என்ன ஆகும் என்பதை மீஞ்சூர்க்காரர்களிடம் கேட்டால் போதும். அங்கே கடல்நீர் உள்ளே வந்து கிணறுகள் உவர்த்துப்போயின.

எனவே முதல் தவணைப் பணத்தைச் சோதனைக்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. மதிலையொட்டிய இரண்டு போர்கள், தள்ளியுள்ள ஒரு போர் என மூன்றிலும் மழைக்கு முன்பும் பின்பும் நீர் எடுக்க வேண்டும். பிடிப்பவர் டெஃப்லான் டேப் சுற்றிய குழாயைத் தவிர்த்து, ஆய்வகம் தரும் பாலிபுரொப்பிலீன் பாட்டிலில் மட்டுமே பிடிக்க வேண்டும். முடிவு வரும் வரை வயதான பெற்றோரும் குழந்தைகளும் குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ தண்ணீரையே பயன்படுத்தட்டும். போர்த் தண்ணீர் துணிக்கும் கழிவறைக்கும் போதும். நிலையம் கட்டுபவர் தீர்ந்த கரியையும் கழிவுநீரையும் யார், எங்கே, யார் செலவில் கொண்டுபோவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதித் தரட்டும். தந்த அன்றே என் பங்கை அனுப்பிவிடுகிறேன். புரட்டாசியில் ஊருக்கு வருகிறேன். முதல் மாதிரியை நானே பிடிக்கிறேன், சாவிக்கு மட்டும் பம்ப் அறை அண்ணனிடம் யாராவது சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
மேட்டுத் தெருக்காரன்