மடக்கு மேசையின் கத்தரிக்கால்: உறுப்புப் பெயர்கள் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

மடக்கு மேசையில் ஒன்றையொன்று வெட்டி நிற்கும் கால்களுக்குக் குறுக்குக்கால், சிலுவைக்கால், பெருக்கல்கால், கத்தரிக்கால் என நான்கு சொற்கள் நம் கலைச்சொல் கலந்துரையாடலில் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் கத்தரிக்கால் என்பதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் தோற்றத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. அந்தக் கால் எப்படி நிற்கிறது, எடை ஏறும்போது எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது, எது அதைப் பிடித்து வைக்கிறது என்பதையெல்லாம் கணக்கில் கொண்டால், நாம் இன்னும் பேசத் தொடங்காத வேறோர் உறுப்புக்குத்தான் பெயர் உடனடியாகத் தேவை என்பது விளங்கும்.

முதலில் கால்களின் பெயரையே எடுத்துக்கொள்கிறேன். ‘குறுக்கு’ என்ற சொல் தச்சு வேலையில் ஏற்கெனவே ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறது. குறுக்குச்சட்டம், குறுக்குக்கட்டை என்றெல்லாம் சொல்லும்போது இரண்டு உறுப்புகளுக்கு இடையில் கிடையாகப் பொருத்தப்பட்ட ஒன்றையே குறிக்கிறோம். இதே மேசையிலும் ஒரு முனையிலுள்ள காலையும் மறுமுனையிலுள்ள காலையும் சேர்க்கும் குறுக்குச்சட்டம் இருக்கிறது. ‘குறுக்குக்காலைக் குறுக்குச்சட்டத்துடன் பிணைக்கவும்’ என்று எழுதினால், படிப்பவர் எது கால், எது சட்டம் என்று நின்று யோசிக்க வேண்டிவரும். சிலுவை என்பது செங்கோணத்தில் அசையாமல் நிற்கும் வடிவம் என்பதால், விரிந்தும் மடிந்தும் கோணம் மாறும் கால்களுக்கு அது பொருந்தாது.

பெருக்கல்கால் என்பதை நான் முற்றிலும் தள்ளிவிட விரும்பவில்லை. குறுக்கிடும் இடத்தில் இரண்டு கால்களிலும் பாதிப் பருமனை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை அமர்த்தி, பசையிட்டு நிலையாக்கிய மேசைகளும் உண்டு. அவை மடங்குவதில்லை. அவற்றின் வடிவம் பெருக்கல் குறி, அவ்வளவுதான். மடங்காத அந்த அமைப்புக்குப் பெருக்கல்கால் என்றும், ஆணியைச் சுற்றித் திரும்பி மடங்கும் அமைப்புக்குக் கத்தரிக்கால் என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு சொற்களும் பயன்படும். இரு அமைப்புகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடும் பெயரிலேயே தெரிந்துவிடும்.

கத்தரி என்றால் வெட்டுதல் என்ற பொருள் முந்திக்கொண்டு வருமே என்றும், காய்கறியின் நினைவு வருமே என்றும் எழுந்த தடைகள் பெரியவை அல்ல. கால் என்ற சொல் சேர்ந்ததும் அந்தப் பொருள்கள் விலகிவிடுகின்றன. இரண்டு தண்டுகள், நடுவில் ஓர் ஆணி, ஒரு பக்கம் விரிந்தால் மறுபக்கமும் விரிதல் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் சொல்வது கத்தரி மட்டுமே. சுமையை மேலே உயர்த்தும் அடுக்கு அமைப்பைக் கத்தரித்தூக்கி எனச் சொல்ல இதே சொல் இடம் தருகிறது. இப்படிக் கிளைவிடும் சொல்லே கலைச்சொல்லாக நிலைக்கும். எழுத்தைப் பொறுத்தவரை, கத்திரி என்ற வழக்கும் இருந்தாலும், கத்தரித்தல் என்ற வினையோடு ஒத்துப்போகும் கத்தரி என்பதையே ஒரே சீராகக் கையாளலாம்.

இப்போது அந்த வேறோர் உறுப்புக்கு வருகிறேன். மேற்பலகையின் பருமன் 2 செ.மீ., மேசையின் மொத்த உயரம் 72 செ.மீ. என்று கொள்வோம். அப்படியானால் கால்கள் 70 செ.மீ. உயரத்தை எட்ட வேண்டும். தரையோடு 60 பாகைச் சாய்வில் நின்றால் காலின் நீளம் ஏறத்தாழ 81 செ.மீ.; அடியில் இரு பாதங்களுக்கும் இடையே உள்ள அகலம் 40 செ.மீ. சாய்வு 45 பாகையானால் கால் 99 செ.மீ. நீளமாகி, அகலம் 70 செ.மீ. ஆகிவிடும். அகலம் கூடினால் மேசை கவிழாது என்பது உண்மை. ஆனால் அந்த அகலத்துக்கு ஒரு விலை உண்டு.

பலகையின் மேல் எடை ஏறியதும் கத்தரிக்கால் தானாகவே விரிந்து தரையோடு படுத்துவிடப் பார்க்கும். நடுவிலுள்ள ஆணி இதைத் தடுக்காது. அது திரும்புவதற்கென்றே வைக்கப்பட்டது. மேல்முனைகளையோ கீழ்முனைகளையோ ஏதாவது ஒன்று இழுத்துப் பிடித்தாக வேண்டும். ஆணி காலின் சரிநடுவில் இருந்து, மேல்முனைகளை மட்டும் இழுத்துப் பிடித்தால், அந்தப் பிடிப்பில் ஏற்படும் இழுவிசை, எடையைப் பாத அகலத்தால் பெருக்கி உயரத்தால் வகுத்ததற்குச் சமம். 100 கிலோ எடைக்கு 60 பாகைச் சாய்வில் 58 கிலோ எடைக்கு ஈடான இழுவிசையும், 45 பாகையில் 100 கிலோவுக்கு ஈடான இழுவிசையும், 30 பாகையில் 173 கிலோவுக்கு ஈடான இழுவிசையும் உண்டாகும். இரண்டு முனைகளிலும் இரண்டு கத்தரிக்கால்கள் இருப்பதால் இது பாதியாகப் பிரிந்துவிடும் என்றாலும், எடை ஓர் ஓரத்தில் மட்டும் ஏறும் நேரங்களை எண்ணி ஒவ்வொன்றையும் முழு எடைக்குமே அமைப்பது நல்லது. சொரசொரப்பான தரையில் பாதங்களின் உராய்வு இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். வழுவழுப்பான தரையில் அந்தப் பங்கு மிகக் குறைந்துவிடும் என்பதால் உராய்வை நம்பி வடிவமைக்கக் கூடாது.

மேசை உறுதியாக நிற்பது இந்த இழுத்துப் பிடிக்கும் உறுப்பால்தான். அதற்கு நம்மிடம் பெயரில்லை. அது சங்கிலியாக இருக்கலாம், நாடாவாக இருக்கலாம், இரும்புப் பட்டையாக இருக்கலாம், மேற்பலகையே அந்த வேலையைச் செய்யலாம். எதனால் ஆனது என்பதைச் சொல்லாமல் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் ஒரு பெயர் வேண்டும். விரிதடை என்று ஒருவர் குறிப்பிட்டிருந்தார். கேட்க நன்றாக இருந்தாலும், அது வினைத்தொகையாக நின்று ‘விரிகின்ற தடை’ என்றே பொருள் தரும். நமக்கு வேண்டியது விரிதலுக்குத் தடை. விரிவுத்தடை என்று திருத்தினால் இலக்கணம் சரியாகும். ஆனால் வெப்பத்தால் பொருள்கள் விரிவதைப் படித்தவர்களுக்கு அது வேறொன்றை நினைவூட்டும்.

என் பரிந்துரை கால்கட்டு. இது புதிதாக ஆக்கிய சொல்லே அன்று. அலைந்து திரிபவனுக்குக் கால்கட்டுப் போடுவது என்று திருமணத்தைச் சொல்கிறோமே, அதே சொல்தான். காலை ஓடவிடாமல் பிடித்து வைப்பது என்ற கருத்து அதில் அப்படியே இருக்கிறது. கட்டு என்பது இழுவிசையை மட்டும் தாங்கும் உறுப்புக்கு மிகப் பொருத்தமான சொல், ஏனெனில் கயிறும் நாடாவும் கட்டாக இருக்க முடியும், முட்டாக, அதாவது அமுக்கத்தைத் தாங்கும் உறுப்பாக, இருக்க முடியாது. திருமணத்தின் நினைவு வருவதால் அறிவியல் எழுத்துக்கு இது ஆகாது என்று யாரும் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லோர் வாயிலும் புழங்கும் சொல், ஒருமுறை கேட்டாலே நினைவில் நிற்கும்.

இந்த உறுப்புக்கு இதுவரை பெயர் இல்லாமல் போனதற்கும் ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். குறுக்கிட்டு மடங்கும் கால்கள் மிகப் பழையவை. பண்டைய எகிப்தியர் இவ்வகை மடக்கு முக்காலிகளைச் செய்திருக்கிறார்கள், உரோமை உயர் ஆட்சியாளர்கள் அமர்ந்த இருக்கையும் இதே வடிவம்தான். (முக்காலி என்ற சொல்லைப் பொதுவழக்கில் சிறிய இருக்கை என்ற பொருளில் ஆள்கிறேன், இவற்றுக்குக் கால்கள் நான்கு.) தோலோ துணியோ இருக்கையாகப் பூட்டப்பட்ட மடக்கு முக்காலியில், அமர்பவரின் எடை தோலை இறுக்கி இழுக்கிறது, இறுகிய தோல் கால்களை விரியவிடாமல் பிடிக்கிறது. அங்கே இருக்கையும் கால்கட்டும் ஒன்றே. தோலுக்குப் பதிலாக விறைப்பான பலகையைக் கால்களின் மேல் சும்மா வைக்கும்போதுதான் கால்கட்டு தனி உறுப்பாகப் பிரிந்து நிற்கிறது. பலகையைக் கீலால் ஒரு காலின் மேல்முனையோடு பூட்டி, மறு காலின் மேல்முனையைப் பலகையின் அடியிலுள்ள காடியில் (வெட்டிய பள்ளத்தில்) உட்கார வைத்தால், பலகை மீண்டும் கால்கட்டின் வேலையை ஏற்றுக்கொள்ளும்.

கால்கட்டை எங்கே பூட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். முழங்கால் இடிக்கிறது என்பதற்காகச் சங்கிலியை முனைகளிலிருந்து ஆணியின் பக்கமாக நகர்த்துவது வழக்கம். ஆணிக்கும் மேல்முனைக்கும் இடையே சரிபாதித் தொலைவில் பூட்டினால் இழுவிசை இரு மடங்காகிவிடும். அந்தச் சங்கிலியைப் பிடித்திருக்கும் சிறிய திருகாணி பிய்த்துக்கொண்டு வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நடுவிலுள்ள ஆணிக்கு அச்சாணி என்ற சொல் முன்மொழியப்பட்டிருந்தது. இதை நான் ஏற்கவில்லை. அச்சாணி என்பது சக்கரம் கழன்றுவிடாதபடி அச்சின் நுனியில் செருகப்படுவது. சக்கரம் சுற்றுவது அச்சின் மேல், அச்சாணியின் மேல் அன்று. நம்முடைய அமைப்பில் அந்த வேலையைச் செய்வது நுனியில் முறுக்கப்படும் நட். நைலான் வளையம் பொதிந்த நட் இதற்கு ஏற்றது, ஏனெனில் மடக்கி விரிக்கும் ஒவ்வொரு முறையும் சாதாரண நட் சிறிது சிறிதாகத் தளரும். கால்கள் திரும்புவதற்கு ஊடே செல்லும் போல்ட்டை, அதாவது தண்டை, சுழலாணி என்று சொல்லலாம். அது சுழல்வதற்கு இடமான ஆணி. விரிதடைக்குச் சொன்ன வினைத்தொகைத் தடை இதற்கு வராதா என்று கேட்கலாம். வராது: உண்கலம் உண்ணுகின்ற கலம் அன்று, உண்பதற்கான கலம். கருவியையும் இடத்தையும் வினைத்தொகை அவ்வாறு ஏற்கும். செயலுக்கு எதிரானதை ஏற்காது. சுழலாணியில் மரை (திருகுப் புரி) வெட்டிய பகுதி துளைக்குள் வராமல், வழுவழுப்பான தண்டுப் பகுதியே மரத்தைத் தொடும்படி நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையெனில் மரை அரம்போல மரத்தை அராவித் துளையைப் பெரிதாக்கிவிடும்.

அந்தத் துளையைப் பற்றி ஒரு சொல். காலை வளைக்கப் பார்க்கும் விசை மிகுதியாக இருப்பது சரியாக அந்த இடத்தில்தான். அங்கேயே துளையிடுகிறோமே என்று அஞ்சுவது இயல்பு. ஆனால் வளையும் உறுப்பின் ஒரு விளிம்பு இழுபடும்போது மறு விளிம்பு அமுங்குகிறது. நடுக்கோட்டில் இரண்டும் இல்லை. 5 செ.மீ. அகலமுள்ள காலின் சரிநடுவில் 1 செ.மீ. துளையிட்டால் வளைவை எதிர்க்கும் வலிமையில் குறைவது, கணக்குப்படி, நூற்றில் ஒரு பங்குக்கும் கீழ். பெருக்கல்காலில் பாதிப் பருமனை வெட்டும்போது, மற்றக் கால் அந்த வெட்டில் இறுக்கமாக அமர்ந்து ஓரளவு ஈடுசெய்தாலும், தனிக் காலின் வலிமை பாதியாகிறது. கத்தரிக்கால்கள் ஒன்றுக்குள் ஒன்று அமராமல் பக்கத்தில் பக்கமாக நிற்பது மடங்குவதற்காக மட்டுமன்று, இந்த வகையிலும் நன்மையே. துளை விளிம்பை நோக்கி விலகிவிடக் கூடாது, அந்த இடத்தில் மரத்தின் கணு வந்துவிடக் கூடாது, அவ்வளவே. பக்கத்தில் பக்கமாக நிற்பதால் ஒரு சட்டகம் மற்றதைவிடக் குறுகலாக இருந்து அதற்குள் அடங்க வேண்டும். அவற்றை உட்கால், வெளிக்கால் என்றே சொல்லிவிடலாம், புதுச்சொல் தேவையில்லை.

காடி என்ற சொல்லைத் தச்சர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். அதை மாற்றக் கூடாது. பலகையின் அடியில் வரிசையாகப் பல காடிகளை வெட்டினால் ஒரே மேசையைப் பல உயரங்களில் நிறுத்தலாம். மேலே சொன்ன 81 செ.மீ. காலை 60 செ.மீ. அகலத்துக்கு விரித்தால் உயரம் 54 செ.மீ. ஆகக் குறையும்; இழுவிசையோ 100 கிலோ எடைக்கு 110 கிலோவாக உயரும். ஆகவே மேசையைத் தாழ்த்தும்போது பயன்படும் கடைசிக் காடிதான் எல்லாவற்றிலும் ஆழமாகவும், அதன் பின்னாலுள்ள மரம் எல்லாவற்றிலும் தடிப்பாகவும் இருக்க வேண்டும். பலகையின் ஓரத்தைப் பிடித்து மேசையைத் தூக்கினால் கால் காடியிலிருந்து நழுவிவிடும் என்பதால், அங்கே ஒரு சிறு தாழ் வேண்டும். தாழ் என்ற சொல்லே போதும்.

கடைசியாக, பக்க ஆட்டம். கத்தரிக்கால் தன் தளத்துக்குள் எவ்வளவு உறுதியாக நின்றாலும், மேசையின் நீளவாக்கில் தள்ளினால் நான்கு கால்களும் ஒரே பக்கமாகச் சாயப் பார்க்கும். நூல் போன்ற குறுக்குச்சட்டம் ஒன்றை அடியில் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. அகலமான சட்டத்தை இரண்டுக்கு மேற்பட்ட திருகாணிகளால் பூட்ட வேண்டும், அல்லது காலிலிருந்து சட்டத்துக்குச் சாய்வாக ஒரு துண்டு கொடுக்க வேண்டும். அந்தத் துண்டுக்குச் சாய்முட்டு என்பது என் பரிந்துரை. இது ‘சாய்ந்த முட்டு’ என்று விரியும் வினைத்தொகை, பொருளும் சரியாக வருகிறது. முட்டுக்கொடுத்தல் என்ற வழக்கும் உடன் நிற்கிறது. கால்கட்டு இழுவிசையை மட்டும் தாங்குவது, சாய்முட்டு அமுக்கத்தையும் தாங்குவது என்ற வேறுபாடு கட்டு, முட்டு என்ற ஈற்றுச் சொற்களிலேயே வெளிப்படுகிறது. மற்ற அறைகலன்களின் உறுப்புகளுக்குப் பெயரிடும்போதும் இழுபடுவதற்குக் கட்டு, அமுங்குவதற்கு முட்டு என்று பின்பற்ற முடியுமா என்று கட்டடப் பொறியியல் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். இரண்டு விசைகளும் மாறி மாறி வரும் உறுப்புக்கு என்ன பெயர் வைப்பது என்பதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை; அதற்கும் சேர்த்து உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.