பி.ஆர். வகுப்பில் எங்களைச் சப் எடிட்டராக உட்கார வைத்தார்கள்

பி.ஆர். என்கிற மக்கள் தொடர்புப் பேப்பர் என்றால் வெறும் தியரிதானே என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் நான் எம்.ஏ. இதழியல் படித்தபோது அந்தப் பாடம் எடுத்தவர், தமிழ் நாளிதழ் ஒன்றின் டெஸ்க்கில், அதாவது வந்த செய்திகளைத் திருத்தி வெட்டிப் பக்கத்தில் போடும் பிரிவில், பல வருடம் இருந்தவர். செய்திக்குறிப்பு எழுதச் சொல்லித் தருவதற்கு முன்னாலேயே, நிஜமாகப் பத்திரிகை ஆபீசுக்கு வந்து குவிந்த குறிப்புகளில் ஒரு கட்டு எடுத்து மேசையில் போட்டு, "சிங்கிள் காலம்தான் இடம் இருக்கு, எதைப் போடுவீங்க, எவ்வளவு வெட்டுவீங்க?" என்றார்.

யார் தலைமை தாங்கினார், யார் குத்துவிளக்கு ஏற்றினார், யாருக்குப் பொன்னாடை என்றே பாதித் தாள் ஓடும். ஒரு கிளினிக் திறப்பு விழாக் குறிப்பில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் பரிசோதனை என்ற விஷயம் நன்றியுரை சொன்னவர் பெயருக்கும் கீழே கிடந்தது. வாசகருக்கு வேண்டியது அது ஒன்றுதான். மேலே இருந்ததையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டு அந்த வரியை முதலில் வைத்தபோதுதான் லீடு என்பது, அதாவது முக்கிய விஷயத்தைச் சொல்லும் தொடக்க வரி, எனக்குப் பிடிபட்டது.

படங்களுக்குப் பத்திரிகைத் தொடர்பு பார்க்கும் சினிமா பி.ஆர்.ஓ. ஆகும் ஆசையில் வந்தவர்களுக்கும் இதே கட்டுதான். பிலிம் நியூஸ் ஆனந்தன் 1958-லேயே அந்த வேலையைத் தொடங்கிய ஊர் இது. படம், தேதி, பெயர் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்ததால்தான் பத்திரிகைக்காரர்கள் அவரைத் தேடிப் போனார்கள் என்று சார் அடிக்கடி சொல்வார்.

அப்புறம் மாதிரி பிரஸ் மீட். மழையில் ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவர் இடிந்து ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொண்டு, ஒருவர் கம்பெனி சார்பில் பேச வேண்டும், மற்ற எல்லோரும் நிருபர்கள். "எத்தனை பேர் சார்?" என்று நாலா பக்கமும் கத்தும்போது ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லித் தப்பித்துவிடத்தான் தோன்றும். அதை மட்டும் சார் விடவே மாட்டார். உறுதியானதைச் சொல், மீதியை எத்தனை மணிக்குச் சொல்வாய் என்று சொல், சொன்ன நேரத்துக்கு வந்து நில். 1906-ல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் பாலத்திலிருந்து கவிழ்ந்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, ரயில்வே கம்பெனிக்கு வேலை பார்த்த, பி.ஆர். துறையின் முன்னோடியான ஐவி லீ விஷயத்தை மூடி மறைக்காமல் தானே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்த அந்தச் சம்பவம், கேள்விகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது, அவருடைய துணிச்சல் மேல் பெரிய மரியாதை வந்தது.

இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சாயங்காலம் பக்கம் கட்டுகிற நேரத்தில் நிருபருக்குப் போன் போட்டு "சார், நியூஸ் வருமா?" என்று கேட்காதீர்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதி, குறிப்போடு சேர்த்து மதியத்துக்குள் கொடுத்துவிடுங்கள், சந்தேகம் இருந்தால் அவரே கூப்பிடுவார்.

இந்த வருடம் இதழியல் படிப்பில் சேரப் போகிறவர்கள், டெஸ்க்கிலோ ரிப்போர்ட்டிங்கிலோ வேலை பார்த்த யாராவது அந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கிறார்களா என்று சீனியர்களிடம் கேட்டுவிட்டுப் பீஸ் கட்டுங்கள்.