45-70 துப்பாக்கி: ஐந்தாவது குண்டுக்கு மேல் குறி சிதறுகிறது

அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறேன். துப்பாக்கி, 1874 ஷார்ப்ஸ் மாதிரியின் நகல். 45-70 வகைத் தோட்டா, 30 அங்குலக் குழல். தோட்டாக்களை நானே நிரப்புகிறேன், கருமருந்து (புகை கக்கும் பழைய வெடிமருந்து) மட்டும்தான். (அந்த 70 என்பதே 70 கிரெய்ன் (சிறு எடை அலகு) கருமருந்தைக் குறித்து வந்த எண். புகையில்லா மருந்துக்கு மாறச் சொல்ல வேண்டாம்.)

மார்ச் வரை ஒரு தொல்லையும் இல்லை. மே கடைசியில், காற்று நன்றாக வறண்ட பிறகுதான் ஆரம்பித்தது. 100 கஜத்தில் முதல் ஐந்து குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள் விழுகின்றன, ஆறாவதிலிருந்து ஒரு அடிக்குச் சிதறுகின்றன. குழலின் வாய்ப்பக்கம் கடைசி ஏழெட்டு அங்குலத்தில் மட்டும் கரி கல்லாக இறுகிக் கிடக்கிறது. குண்டின் பள்ளங்களில் பூசும் மசகு, குழல்வாயில் நட்சத்திரம் போலப் படியுமே, அது படிவதே இல்லை.

கரி இளக, ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு குழலுக்குள் ஈர மூச்சை ஊதும் ஊதுகுழாயில் மூன்று மூச்சை ஆறாக்கினேன். கொஞ்சம் தேவலை, ஆனால் எனக்குத் தலை சுற்றியது. தேன்மெழுகைக் குறைத்து மசகை இளக்கினேன். குண்டு வார்க்கும் ஈயத்தோடு வெள்ளீயம் 20க்கு 1 என்பதை 30க்கு 1 ஆக்கினேன், வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் ஈரத்துணி விட்டுத் துடைத்தால் எல்லாம் சரி. அப்புறம் போட்டியில் 500 மீட்டரில் நிற்கும் இரும்பு ஆட்டுக்கடா வடிவ இலக்கைச் சுட நேரம் எங்கே?

இந்த வறட்சியில் துடைக்காமல் பத்து குண்டு தாங்க, மசகுப் பள்ளம் ஆழமான வார்ப்பச்சுக்கு மாறுவதா, குண்டின் அடியில் மசகு வில்லை வைப்பதா?