அம்மாவுக்குப் பல் பிடுங்கணும்: பாடாங் செராய் பக்கம் வலிக்காமல் செய்கிற, காசும் அதிகம் வாங்காத டாக்டர் யார்?

தோட்டத்துப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய். அம்மாவுக்கு 66 வயது, காலமெல்லாம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினவர். இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுது, இப்போ கன்னமும் வீங்கியிருக்கு. இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) வேற, மாத்திரை சாப்பிடுகிறார். கிளினிக் பேச்சை எடுத்தாலே, "செத்தாலும் அந்த நாற்காலியில உக்கார மாட்டேன்"னு சத்தம். சின்ன வயசில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ரெண்டு பேர் தோளை அமுக்கிப் பிடிச்சுக்க, டிரசர் (தோட்டத்து மருந்துக்காரர்) பல்லை இழுத்த கதையை இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. கிராம்புத் தைலமும் பனடோலும்தான் இப்போதைக்கு ஓடுது. வெற்றிலையையும் விடவில்லை.

சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் கிளினிக்கில் விசாரித்தேன். பல்லுக்கு 150 வெள்ளி (ரிங்கிட்), எக்ஸ்ரே தனி என்றார்கள். மாசக் கடைசியில் அது எங்களுக்குப் பெரிய காசு. அனுபவமான, கை மெதுவான டாக்டர் யாராவது தெரியுமா? தமிழ் பேசினால் அம்மா கொஞ்சம் அடங்குவார்.

லோரிக்காரன்:
தங்கச்சி, டாக்டர் பேரு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். ஃபேஸ்புக்குல "வலியே இல்லை, மலிவு, வீட்டுக்கே வருவோம்"னு வர்ற ஆளுங்க பக்கம் போயிடாதீங்க. என் மச்சான் மக இப்படித்தான் ஒரு வாடகை வீட்டுல போயி பல்லுக்குக் கம்பி மாட்டிக்கிட்டா. ஈறு முழுக்கப் புண்ணு. கழட்டி விடச் சொல்லப் போனா வீடு பூட்டிக் கிடக்கு, போனும் எடுக்கல. பதிவு இல்லாம பல் வைத்தியம் பாத்தா, 2018ல வந்த பல் மருத்துவச் சட்டத்துல மூணு லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம், ஆறு வருசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. இருந்தும் தைரியமா செய்றானுங்க. உண்மையான டாக்டருன்னா இந்த வருசம் தொழில் பாக்குறதுக்கான சான்றிதழ் வச்சிருப்பார், கேட்டா காட்டுவார்.

ரிட்டையர் மிஸ்ஸி:
அரசாங்கப் பல் கிளினிக்கில் டாக்டர் பக்கத்தில் நின்றே வேலைக்காலம் கழிந்தவள் நான். டாக்டர் பேர் சொல்ல மாட்டேன்மா. நல்லவர் என்று நான் சொல்லி நீ போவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிடும்.

முதலில் காசு. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் சீட்டு ஒரு வெள்ளி. 60 தாண்டியவர்களிடம் அதையும் வாங்குவதில்லை. பல் சுத்தம் செய்ய, அடைக்க எல்லாம் தேதி போட்டுக் காத்திருக்கணும். வலி, வீக்கம் என்று வருகிறவர்களை அன்றைக்கே பார்ப்பார்கள். காலையில் சீக்கிரம் போனால் போதும்.

இப்போ வலி விஷயம். "டாக்டர் கை சரியில்லை, ஊசியே பிடிக்கல" என்று திட்டிக்கொண்டு போன எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அவர்களில் பாதிப்பேர் கன்னம் வீங்கின பிறகு வந்தவர்கள். சீழ் பிடித்த இடத்தில் சதை அமிலமாகிவிடும், அதனால் மரப்பு மருந்து நரம்புக்குள் சரியாக இறங்காது. டாக்டர் உங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு, சீழை வெளியேற்றி மருந்து கொடுத்து, "வீக்கம் வடிந்ததும் வாங்க" என்று அனுப்பலாம். அவருக்குப் பிடுங்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வேறு கிளினிக் தேடி அலையாதீர்கள். அனுபவசாலிகள்தான் அப்படி அனுப்புவார்கள்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி தாடையின் பின்பக்கம் போடுவார்கள். உதட்டில் பாதியும் நாக்கு ஓரமும் மரத்துப்போகும். அதற்குச் சில நிமிடம் ஆகும், சிலருக்கு இன்னொரு ஊசியும் தேவைப்படும். ஊசிக்கு முன் ஈறில் ஜெல் தடவச் சொல்லிக் கேட்கலாம், மருந்தை மெதுவாக ஏற்றச் சொல்லிக் கேட்கலாம், அதில் ஒன்றும் தப்பில்லை. மரத்த பிறகும் அழுத்துவது தெரியும், மடக்கென்று சத்தம் கேட்கும். அதைத்தான் நிறையப் பேர் வலி என்று நினைத்துக் கத்துவார்கள். இதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கூர்மையாக வலித்தால் இடது கையைத் தூக்கணும் என்று டாக்டரிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிரசர் காலம் வேற. பாம்புக்கடி, பிரசவம், பல் எல்லாம் ஒரே ஆள் தலையில். அவரை நொந்து என்ன பிரயோசனம்?

இனிப்பு நீர் இருப்பதால் வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். பசியாறி, மாத்திரையும் போட்டுக்கொண்டு வரட்டும். சர்க்கரைப் புத்தகம், சாப்பிடுகிற மருந்து எல்லாம் பையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதைக் கட்டாயம் சொல்லணும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே கூலிம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

வெற்றிலை என்று எழுதியிருக்கிறீர்கள். பல்லோடு வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சுக்காரர்கள் 1997லிருந்து வாய்ப் புற்றுநோயைத் தேடித் தோட்டங்களுக்கு வந்தது சும்மா இல்லை. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல் இருக்கா? வாய் சரியாகத் திறக்குதா என்று பார்க்க, மூன்று விரலை நிமிர்த்தி ஒன்றின்மேல் ஒன்றாக முன்பல்லுக்கு நடுவில் வைத்தால் போகுதா?

எஸ்பி_குமார்:
வீக்கத்துக்கு மிஸ்ஸி சொன்னதுதான் சரி. பின்னாடி பல் செட்டு வேணும்னா செமிலிங் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகப் பல் கிளினிக்கையும் யோசிங்க, நம்ம பீடோங் பக்கம்தான். மாணவர்கள் செய்வாங்க, மேலே விரிவுரையாளர் பார்த்துப்பார். என் மாமியாருக்கு அங்கதான் கட்டினோம். காசு கம்மி, தமிழ் பேச ஆள் நிறைய. ஆனா பொறுமை வேணும். ஒரு படி முடிஞ்சா விரிவுரையாளர் வந்து பார்க்கிற வரைக்கும் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கணும்.

தோட்டத்துப் பொண்ணு:
மிஸ்ஸியம்மா, நீங்க எழுதினதை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். டிரசர் விஷயத்துக்குச் சிரிச்சாங்க. நாளைக்கு வர்றதுக்கு ஒத்துக்கிட்டாங்க, தம்பியும் லீவு போட்டுட்டான். ஆனா விரல் வச்சுப் பார்த்தோம், ரெண்டுதான் போகுது. கொஞ்ச நாளாவே இப்படித்தானாம், எங்ககிட்ட சொல்லல. அம்மா புகையிலை சேர்க்கிறதில்லை, வெறும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புதான்.

ரிட்டையர் மிஸ்ஸி:
பல் வீக்கத்தாலும் வாய் இறுகும், அதனால் இப்போதே பயப்படாதே. ஆனால் கொஞ்ச நாளாகவே என்கிறாயே, அதை டாக்டரிடம் அப்படியே சொல்லு. புகையிலை இல்லை என்று விட்டுவிட முடியாது. பாக்குதான் வாயை இறுக்கும். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் வரவைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவே 2004ல் சொல்லிவிட்டது. சீட்டு எடுக்கும்போதே "பல் வலி, வாயும் திறக்க மாட்டேங்குது" என்று ரெண்டையும் சொல்லு. தேவைப்பட்டால் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடாமல் போட்ட தேதிக்குப் போங்கள். பாக்கை நிறுத்துகிற பேச்சு பல் முடிந்து நாலு நாள் கழித்து இருக்கட்டும். நாளைக்கே ஆரம்பித்தால் கிளினிக்குக்கும் வர மாட்டார்.