ஊசி போட்ட பட்டியில் கால்-வாய் நோய்: ஊசியாலா வந்தது?

பட்டிக்காரன்_கிரான்:
தடுப்பூசி போட்டு 6ஆம் நாள் இரண்டு பசுவுக்கு வாயால் நூல் நூலாய் எச்சில் வடியுது, குளம்பிடுக்கில் கொப்புளம். பக்கத்துப் பட்டிக்காரர் ஊசியாலதான் வந்தது, இனி யாரையும் உள்ளே விடமாட்டோம் என்கிறார்கள். உண்மையா? பட்டியை எதால் கழுவுவது?

மாட்டுவைத்தியம்:
தடுப்பூசியில் இருப்பது செத்த வைரஸ், அது நோயைத் தராது. கிருமி தொற்றி 2 முதல் 14 நாளுக்குள் நோய் தெரியும். ஊசிக்கு எதிர்ப்புச் சக்தி வர ஒரு கிழமைக்கு மேல் வேணும். ஆக, ஊசி போடும்போதே கிருமி உள்ளே இருந்திருக்கலாம். பெரும்போகத்துக்கு மாட்டை வயலை விட்டு மேய்ச்சல் தரைக்கு ஏற்றும்போது பல பட்டி ஒன்றாய்த் தண்ணீர் குடிக்கிறதே, அங்கே பாருங்கள். கொப்புளம் தெரியமுன்னமே பாலிலும் எச்சிலிலும் கிருமி போகும்.

அதுக்காக, ஊசி போட வந்தவர்கள் கிருமியைக் கொண்டுவந்திருக்கவே முடியாது என்றும் சொல்ல ஏலாது. சாணி ஒட்டின பூட்ஸ், மோட்டார் சைக்கிள் சில்லு, வாய் திறந்து பார்த்த கை, கட்டின கயிறு எல்லாமே காவும். ஊசி போடுகிறவர்கள் நோயில்லாத பட்டிக்கு முதலும் நோய்ப் பட்டிக்குக் கடைசியும் போகவேணும். இந்த ஒழுங்கு தவறினால்தான் வம்பு.

பால்_கான்:
கழுவ சலவைச் சோடா 4 வீதம். தூளென்றால் 10 லீற்றருக்கு 400 கிராம், கட்டிப் பளிங்கென்றால் 1 கிலோ (பளிங்கின் எடையில் பாதிக்குமேல் தண்ணீர்தான்). முதலில் சாணியை வழித்துத் தேய்த்துக் கழுவுங்கள், சாணிக்கு மேல் ஊற்றினால் வீண். பூட்ஸ் 10 நிமிடம் ஊறட்டும்.

பட்டிக்காரன்_கிரான்:
வீட்டில் அப்பச்சோடா இருக்கு, அது சரிவராதா?

பால்_கான்:
வராது. காரம் போதாது, வாய்ப்புண் கழுவ மட்டும் நல்லம். டெட்டோலையும் நம்பாதீர்கள். நோய் மாட்டை கடைசியாகக் கறவுங்கள். அதன் பாலைக் கன்றுக்குக் கொடுக்கவேண்டாம். இதயத்தசை பழுதாகிக் கன்று திடீரென விழுந்து சாகும்.

மாட்டுவைத்தியம்:
ஒரே ஊசிமுனையால் பட்டி முழுக்கப் போடுவது வேறு தொல்லை. இரத்தம் வழியாக அனாபிளாஸ்மா (இரத்தச் சிவப்பணுவைத் தாக்கும் கிருமி) போகும், தோல்கழலை நோயும் போகும். மாட்டுக்கொரு முனை கேளுங்கள். ஊசியை மறிக்கவேண்டாம், வாசலில் ஒரு வாளி சோடாத் தண்ணீரும் தேய்க்கிற பிரஷும் வையுங்கள். இப்போதைக்கு ஒரு மாட்டையும் விற்காமல், பிரதேச கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள்.