குப்பைமேனிச் சாற்றுச் சோதனை: வெறும் கரைப்பானுக்கும் வளையம் தெரிகிறது, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். முதுகலை நுண்ணுயிரியல் ஆய்வுக்காக, நிழலில் உலர்த்திப் பொடித்த குப்பைமேனி இலையை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை ஆகிய பாக்டீரியாக்கள், கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பூஞ்சை ஆகியவற்றின் மீது அகார் குழி முறையில் (வளர்ப்புக் கூழில் குழியிட்டு அதில் சாற்றை இடுவது) சோதித்து வருகிறேன்.

முல்லர்-ஹிண்டன் அகார் என்னும் வளர்ப்புக் கூழை 4 மி.மீ. தடிமனில் ஊற்றி, 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலுக்கு (நுண்ணுயிர் அடர்த்திக்கான அளவுகோல்) சரிசெய்த வளர்ப்பைப் பரப்பி, 37 பாகை செல்சியஸில் 18 மணி நேரம் வைத்தபின், ஸ்டஃபைலோகாக்கஸ் தட்டில் 14 மி.மீ. வளையம் (நுண்ணுயிர் வளராத தெளிவான வட்டம்) கிடைத்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை, சாறே சேராமல், அதைக் கரைக்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு மட்டும் இட்ட 6 மி.மீ. குழியைச் சுற்றியும் 9 மி.மீ. தெளிவு இருந்தது. கரைப்பானை 10 விழுக்காடாக நீர்த்தால் சாறு திரிந்து அடியில் படிகிறது. இதற்கு என்ன செய்வது?

ஈ.கோலையில் வளையமே இல்லை. ஒப்பீட்டுக்கு வைத்த ஜென்டாமைசின் (நுண்ணுயிர்க்கொல்லி மருந்து) வட்டு முறையாக வேலை செய்ததால் தட்டில் பிழையில்லை என நினைக்கிறேன். ஈ.கோலை செல்லின் வெளிச்சவ்வு சாற்றைத் தடுப்பதும் காரணமாகலாம், நீரில் கரையாச் சேர்மங்கள் அகாரில் பரவாததும் காரணமாகலாம் என்பதால், குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) சிறு குழிகள் கொண்ட நுண்குழித் தட்டில் திரவ வளர்ப்பில் காண விரும்புகிறேன். ஆனால் சாற்றின் கரும்பச்சை நிறத்தில், வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் தெரிவதில்லை. உயிருள்ள நுண்ணுயிர் இருந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் ரெசசூரின் சாயத்தைச் சேர்க்கலாமென்றால், சாற்றிலுள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளே அதை இளஞ்சிவப்பாக்கிவிடும் என்ற ஐயம் எழுகிறது. ஒவ்வொரு செறிவுக்கும் நுண்ணுயிர் இடாத ஒரு குழி வைத்து ஒப்பிட்டால் போதுமா, அல்லது குழியிலிருந்து எடுத்துத் தட்டில் பரப்பித்தான் உறுதிசெய்ய வேண்டுமா?

கேண்டிடாவுக்கு 2 விழுக்காடு குளுக்கோஸும் மெத்திலீன் நீலமும் சேர்த்த அகாரையே பயன்படுத்தினேன். ஒப்பீட்டுக்கு வைத்த பூஞ்சைக்கொல்லி மருந்தான ஃபுளுகோனசோலின் வளைய விளிம்பு மங்கலாக இருக்கிறது. எங்கிருந்து அளப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். தட்டுகளின் படங்களைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.