அப்பாவோட மீட்டர் கேஜ் எஞ்சின் உறுமுது, நகரமாட்டேங்கு

பாளையங்கோட்டை மக:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா செங்கோட்டை ஸ்டேஷன்ல, வண்டி போற தண்டவாளத்தை வழி மாத்தி விடுத பாயிண்ட்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆனாவ. கப்பல்ல வேலை பாத்த மாமா ஜெர்மனியில இருந்து கொண்டாந்த டிடி அளவு மாடல் ரயில் செட்டு ஒண்ணு வீட்டுல உண்டு. தண்டவாளம் 12 மில்லிமீட்டர் அகலம். அப்பா அதை வந்தபடியே ஓட்டல. மேல்கூட்டைக் கழத்திட்டு, கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஒட்டி, 87-ல ஒரு பங்கு அளவுல ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினாவே ஆக்கிட்டாவ. பகவதிபுரம் ஸ்டேஷன், ஆரியங்காவு குகை, கழுதுருட்டி 13 கண் பாலம் எல்லாம் ஒரே பலகையில. சிக்னலுக்குச் செவப்பும் பச்சையும் என் ஒடஞ்ச வளையல் துண்டுதான். சின்னப் பிள்ளையில பாயிண்ட் மாத்துறது என் வேலை. முழுசா மாறி ஒட்டுனப் பெறவுதான் அப்பா வண்டியை விடுவாவ.

இப்ப அவியளுக்குக் கை நடுங்குது. ஆறாப்பு படிக்க எம்மவன் ஓட்டணும்னு நிக்கான். குமிழைத் திருப்புனா எஞ்சின் உறுமுது, நகரமாட்டேங்கு. கடையில கேட்டா, "எல்லாத்தையும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு மாத்திருங்க, சாமான் கிடைக்கும், இப்ப செங்கோட்டைப் பாதையே அகலப்பாதைதானே"ன்னு சொல்லுதாவ. எனக்கு மனசு ஒப்பல. அப்பா வேலை பாத்த மீட்டர் கேஜ் மலைப்பாதை 2010 செப்டம்பரோட நின்னுபோச்சு. இப்ப அது ஓடணும்னா இந்தப் பலகையிலதான் ஓடணும்.

அம்பாசமுத்திரத்தான்:
தங்கச்சி, முதல்ல கரண்டை நிறுத்துங்க. உறுமுதுன்னா மோட்டாருக்குக் கரண்டு போகுது, பல்சக்கரம் சுத்த முடியல. அப்படியே விட்டா காயில் கருகிரும். பழைய கிரீஸ் மெழுகா இறுகியிருக்கும். கூட்டைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில தொட்டு வழிச்செடுங்க. அட்டைக் கூட்டைத் தள்ளி வைங்க, பெயிண்ட் போயிரும். பல்லு ஏதும் கீறியிருக்கான்னும், கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கான்னும் பாருங்க. எல்லாம் காஞ்சப் பெறவு தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையில ஒரு சொட்டு. தேங்காண்ணெய் மட்டும் வேண்டாம், மறுபடி இறுகும். எஞ்சினைக் கவுத்திப் பிடிச்சு ரெண்டு பக்கச் சக்கரத்துலயும் 9 வோல்ட் பேட்டரி ஒயரைத் தொட்டா, தண்டவாளத்துல வைக்காமலே தெரிஞ்சிரும். தண்டவாளத்துக்கு உப்புத்தாள் போடாதீங்க. கீறல்ல அழுக்கு ஏறும்.

தென்காசி லைன்:
கேஜ் மாற்றவே மாற்றாதீர்கள், அக்கா. 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் பாதை. நம் அகலப்பாதை 1676, அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். கடைக்காரர் சொல்வதைக் கேட்டால் மீட்டர் கேஜும் போய், நம் அகலப்பாதையும் வராது. உங்கள் அப்பாவின் 12 மில்லிமீட்டர் கணக்கில் 1044 வருகிறது. மீட்டர் கேஜ் என்பது 1000. அவ்வளவு நெருக்கமாகப் பிடித்திருக்கிறார்! சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மாடல்களுக்காக பீகோ நிறுவனம் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறது, வரவழைக்கலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் ஓய்வு கொடுத்துவிட்டு, 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் புதிதாக வாங்குங்கள். பிள்ளை கைவைக்கிற சாமான்.

பாளையங்கோட்டை மக:
ஓடிட்டு! கிரீஸ்தான், மஞ்ச மெழுகா இருந்திச்சு. அப்பா பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல எம்மவன்தான் கழத்துனான். "ஏலே, திருகாணியைக் கழத்துன வரிசையிலயே தட்டுல வைலே"ன்னு ஒரே அதிகாரம். 12 மில்லிமீட்டர்லயே இருக்கட்டும்னு முடிவு பண்ணியாச்சு, கடைக்காரருக்கும் சொல்லிட்டேன். இப்ப அடுத்தது: மலை ஏத்தத்துல பின்னால தள்ளுத பேங்கர் எஞ்சின் வேணுமாம் அவனுக்கு. ஒரே தண்டவாளத்துல ரெண்டு மோட்டார் ஒத்துப்போகுமா?

அம்பாசமுத்திரத்தான்:
போகும். ஆனா ரெண்டுக்கும் ஒரே வோல்ட்டுதான் போகும். தனித்தனியா ஓடவிட்டு வேகத்தைப் பாருங்க, மெதுவா ஓடுறதைப் பின்னால போடுங்க. பின்னது வேகமா இருந்தா வளைவுல பெட்டியை நெருக்கித் தடம் புரட்டிரும். ரொம்ப வித்தியாசம் இருந்தா பேங்கர்ல மோட்டாரைக் கழத்திட்டு வெறும் கூடா விடுங்க.